முதுகுத் தையல்

பகல் பதினொரு மணிக்கே அந்த அறையில் இரவாகிவிட்டது. சன்னல்களில் நீலப் படுதா தொங்கியது. கதவிடுக்கில் பழைய துண்டு திணித்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் சலவைக் கூடையின் வெள்ளை மூடி ஒன்று ஆணியில் மாட்டப்பட்டு, பின்னாலிருந்த பல்பின் தயவால் முழுநிலவாக இருந்தது. மற்ற நாள்களில் அது தையலறை. இப்போது தையல் இயந்திரமும் சீருடைத் துணி உருளைகளும் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தன. அந்த மூலையில், பல்லில் நூலைக் கடித்தபடி, வீட்டுக்காரியான தையற்காரி ஓர் ஓநாயின் தொடையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஓநாயாக மாறவேண்டியவர் அவளுடைய கணவர். பள்ளி வேனின் ஓட்டுநர். படம் எடுப்பவன் அவளுடைய தம்பி. கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துச் சேர்த்ததையெல்லாம் இந்தப் படத்தில் போட்டிருந்தான். நாயகனாக ஒப்புக்கொண்டவன், பசை பட்டதும் முகமெல்லாம் தடித்துப்போய், இரண்டாம் நாளே ஓடிவிட்டான். பள்ளிக்கு விடுமுறை, வேனுக்கும் விடுமுறை. எனவே அக்காள் கணவர் அகப்பட்டார்.

மனிதன் ஓநாயாக மாறும் காட்சியை அவர்கள் எடுத்த முறை இது. ஓட்டுநரின் தலை அசையாதிருக்க, நாற்காலியின் பின்னால் ஒரு பலகை. அதில் காதுகளை ஒட்டி இரண்டு மரத்துண்டுகள். கைகள் இருக்கவேண்டிய இடத்தில், நாற்காலிக் கைப்பிடிமேல், சாக்கட்டியால் வரைந்த இரண்டு கைகள். ஒப்பனைக்கு வந்திருந்த ஊர்ச் சலூன்காரர், ஓட்டுநரின் முகத்தில் கொஞ்சம் முடி ஒட்டுவார். தம்பி சில நொடி படம்பிடிப்பான். மீண்டும் கொஞ்சம் முடி. மீண்டும் சில நொடி. இப்படி ஏழு கட்டம். நடுவில் தலை விரற்கடை நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். போன வாரமே இரண்டு நாள் அப்படித் தொடங்கியாயிற்று. இரண்டு நாளும் மூன்றாம் கட்டத்தில் ஓட்டுநரின் தலை தொங்கிவிட்டது.

"அண்ணே, இப்ப ஒட்டுறது யாரு முடி தெரியுமா? நம்ம போஸ்ட்மாஸ்டரோடது" என்றார் சலூன்காரர். கடையில் கூட்டிய முடியை நிறவாரியாகப் பைகளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "மனுசன் எவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்ல. உங்களுக்குத் தாடியே கொடுத்திருக்காரு, பாத்துக்கங்க."

"அவரச் சிரிக்க வெக்காதீங்கண்ணே" என்றான் தம்பி. "வாய் கோணிப் போயிரும். மாமா, இன்னிக்கு சூப்பர் மாமா. தல அப்படியே நிக்குது. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

ஓட்டுநர் உதட்டை அசைக்காமல், "உங்கக்கா தூங்க விட்டாத்தானே, மாப்ள" என்றார்.

"ஆமா, தாலாட்டுப் பாடலைன்னு குத்தம்" என்றாள் மூலையிலிருந்தவள். ஆனால் ஊசி நின்றுவிட்டது. தலை நிற்கிறது என்று தம்பி சொன்னதை அவள் மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

அவருடைய தலை ஏன் தொங்கியது என்று அவளுக்குத் தெரியும். மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. விழுங்கினால் கண் செருகும். அந்த மாத்திரை வீட்டுக்குள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல்முறை குளியலறையில், வாளி உருண்ட சத்தம் கேட்டு அவள் ஓடினாள். இரண்டாம் முறை படுக்கையில். மூன்றாம் முறை சாப்பாட்டுத் தட்டின் எதிரில். மூன்றுக்குப் பிறகு, தெரிந்த முகமே இல்லாத ஊராகப் பார்த்து ஒரு மருத்துவரிடம் போனார்கள். வலிப்பு என்று அவர் எழுதினார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "கடை" என்றார் ஓட்டுநர். "நல்லது. வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வருசம் வராம இருந்தா அப்புறம் பேசலாம்" என்றார் மருத்துவர். திரும்பும் பேருந்தில் ஓட்டுநர் மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர்கள் குடியிருந்த இரண்டறை வீடு பள்ளியின் வேன் கொட்டகைக்குப் பின்னால், ஓட்டுநருக்கென்று பள்ளி கட்டியது. அவள் தைக்கும் சீருடைகளும் அந்தப் பள்ளியுடையவை. வேனை விட்டால் கூரை, இயந்திரத்தில் ஓடும் துணி, நான்காம் வகுப்பில் படிக்கும் மகளின் இடம் எல்லாம் சேர்ந்தே போகும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. திங்கட்கிழமை பத்தொன்பது பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி இந்த வீட்டுப் பெண். எஞ்சினை ஒட்டிய முன்னிருக்கைக்காரி.

தம்பியிடம் அவள் சொல்லவில்லை. அவனிடம் சொல்வது ஊரிடம் சொல்வதற்குக் குறுக்குவழி.

ஐந்தாம் கட்டத்துக்கு மின்னல் வேண்டும் என்றான் தம்பி. விளக்கின் முன்னால் ஓர் அட்டையை வேகமாக விசிறவேண்டும். பசைக் கையோடு சலூன்காரர் அட்டையைப் பிடித்தார்.

"வேகமாண்ணே. இன்னும் வேகமா. மீன் சுடவா விசிறுறீங்க? மின்னல்!"

அறை வெளுத்தது, கறுத்தது, வெளுத்தது. தையற்காரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, கணவரின் தலை மரத்துண்டை விட்டு இடப்பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, யாரோ கூப்பிட்டதுபோல. சாக்கட்டிக் கைக்குள்ளிருந்து அவருடைய கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்தது. மற்ற விரல்கள் அதன்மேல் மூடின. பிறகு தொண்டையிலிருந்து அந்த ஒலி வந்தது. அவள் அதை மூன்று முறை கேட்டிருந்தாள். மற்ற இருவரும் கேட்டதில்லை.

"நிறுத்தாதீங்கண்ணே" என்றான் தம்பி, மூச்சை அடக்கிக்கொண்டு. "மின்னல நிறுத்தாதீங்க. ஐயோ, மாமா..."

நாற்காலி அதிர்ந்தது. பலகை ஆணியோடு பெயர்ந்தது. அவள் ஓநாயின் தொடையை எறிந்துவிட்டு ஓடினாள்.

"அக்கா, படத்துல வர்ற! தள்ளு!"

அவள் விளக்கைக் காலால் தள்ளினாள். அது விழுந்து அணைந்தது. கணவரைத் துணி உருளைகள்மேல் சாய்த்து, ஒருபக்கமாகத் திருப்பி, கழுத்துப் பொத்தானை அறுத்தாள். ஒரு பாபினில் நூல் நிறையும் நேரம் அது நீடித்தது. பிறகு அவர் உடம்பு தளர்ந்து, குறட்டைபோல மூச்சு வந்தது.

"பசை வாடை" என்றாள் அவள், யாரும் கேட்பதற்கு முன்பே. "மூச்சு முட்டிருச்சு. சன்னலத் திறங்க."

இரவு விலகியது. பதினொன்றரை மணி வெயில் உள்ளே வந்தது. ஓட்டுநரின் வாயோரம் தாடி சிவந்திருந்தது. "இத எப்பண்ணே ஊத்துனீங்க?" என்று தம்பி சலூன்காரரிடம் கேட்டான். ஏழாம் கட்டத்துக்கென்று காய்ச்சிய சிவப்புச் சர்க்கரைப் பாகு அலமாரியில் இருந்தது. சலூன்காரர் அந்தப் புட்டியை எடுத்துப் பார்த்தார். மூடி திறக்கப்படவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பிறகு தையற்காரியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான், லேசா" என்று சொல்லிப் புட்டியை இருந்த இடத்தில் வைத்தார். அன்று முழுவதும் அவர் யாருடைய முடியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

கால் மணிநேரம் கழித்து ஓட்டுநர் கண் விழித்தார். தம்பி அவர் முன்னால் மண்டியிட்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமா, காலத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு. எங்க மாமா கத்துக்கிட்டீங்க? சத்தியமா, நானே பயந்துட்டேன்!"

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். தரையில் கிடந்த விளக்கைப் பார்த்தார். நாக்கை வாய்க்குள் ஒருமுறை மெதுவாகச் சுழற்றினார்.

"ம்... நல்லா வந்துச்சா, மாப்ள?" என்றார்.

* * *

பசையைப் போக்க எண்ணெய் தவிர வேறு வழி இல்லை. மற்றவர்கள் போனபின், சமையலறை வாசற்படியில் அவரை உட்காரவைத்து, பஞ்சில் எண்ணெய் நனைத்துத் தாடியை இழை இழையாக எடுத்தாள். மகள் எதிர்ப்படியில் அமர்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி, உள்ள போயி சாப்பிடு" என்றாள் தாய்.

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு நாக்குல புண்ணு. ரொட்டியப் பால்ல ஊறவெச்சுத் தர்றேன். போ."

மகள் போனபின், தையற்காரி அவருடைய சட்டைப்பைக்குள் கையை விட்டாள். வேன் சாவி இருந்தது. விடுமுறையிலும் அது அங்கேதான் இருக்கும். அதன் அடியில் மாத்திரை அட்டை. மூன்று நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"தல தொங்குச்சு" என்றார் அவர். "ஒரு நாள் வேலை வீணாப் போவுதுன்னு தம்பி மூஞ்சி சுண்டிப் போச்சு. என்ன செய்யச் சொல்ற?"

"நடிக்கப் போகாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

"நான் நடிக்க ஆசப்பட்டா போனேன்? ஸ்கூல் வாட்ச்மேன் என்ன சொன்னான், மறந்துட்டியா? ‘கேட்டுக்கிட்ட வண்டிய நிறுத்தி, எஞ்சினக் கூட அணைக்காமத் தூங்கிட்டிருந்தீங்களே, உடம்பு சரியில்லையா’ன்னு. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் காது பக்கத்துலயே கேட்டான் அந்த ஆளு. ஓநாயா நாலு தெரு ஓடிக் காட்டினா, அப்புறம் எவன் கேப்பான் உடம்புக்கு என்னன்னு?"

"அப்ப ஓடிக் காட்டத்தான் இது?"

"வேற எதுக்கு?"

அவள் பஞ்சை மாற்றினாள். "திங்கக்கிழமை வண்டிய எடுக்காதீங்க."

"எடுக்காம? முதுகு வலின்னு ஒரு வாரம் சொல்லலாம். அப்புறம்? வேற டிரைவர் வருவான். வர்றவனுக்கு வீடு வேணும். நீ இந்த மெஷினத் தூக்கிக்கிட்டு எங்க போவ? உங்க தம்பி வீட்டு ஓநாய்க் கூண்டுக்கா?"

"பத்தொம்பது பிள்ளைங்க."

"பதிமூணு வருசமா ஓட்டுறேன். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்பு உண்டா? வண்டியில ஏறிட்டா எனக்கு ஒண்ணும் வராது. இதுவரைக்கும் வந்ததில்ல. சும்மா இருக்கும்போதுதான் வருது."

"குட்டி மேல சத்தியமாச் சொல்லுங்க."

"அவள எதுக்குடி நடுவுல இழுக்குற?"

அவர் சத்தியம் செய்யவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் அதைப் பிடித்து இழுக்கவில்லை. பிரிந்த தையலைப் பிறகு பார்க்கலாம் என்று மடித்து வைப்பதுபோல வைத்தாள். அன்றிரவிலிருந்து மாத்திரையை அவள் கையாலேயே கொடுத்தாள்; நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் தம்பியிடம் போய், அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

"எடுக்கவா? அக்கா, மொத்தப் படத்துல படம்னு இருக்கிறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கம்பளிக்குள்ள ஒரு ஆளு ஓடுறாரு. எனக்கே தெரியுது."

"மாமா அசிங்கமா இருக்குங்கறாரு."

"ஓநாய் அசிங்கமாத்தான் இருக்கும்!"

* * *

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்குப் படம் பள்ளி மண்டபத்தில் திரையிடப்பட்டது. தங்கள் ஓட்டுநர் நடித்த படம் என்பதால் தலைமை ஆசிரியை மண்டபத்தை வாடகையின்றிக் கொடுத்திருந்தார். படம் முடிந்ததும் ஓநாய் நேரில் மேடையேறவேண்டும் என்பது தம்பியின் ஏற்பாடு. எனவே திரைக்குப் பின்னாலிருந்த சிறு அறையில், தையற்காரி கணவரை ஓநாய்க்குள் வைத்துத் தைத்தாள்.

உடுப்பு இரண்டு பழுப்புக் கம்பளிகளாலும் சாக்குகளாலும் ஆனது. முதுகு ஜிப் மூன்றாம் நாளே பல்லிளித்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அவர் உள்ளே நுழைந்ததும் பிடரியிலிருந்து இடுப்பு வரை அவள் ஊசியால் மூடுவாள். முடிந்ததும் பிளேடால் பிரிப்பாள். அவளன்றி அவர் வெளியே வர வழியில்லை.

"இறுக்காத" என்றார் அவர்.

"உள்ள சட்டை எதுக்குப் போட்டீங்க? வேகும்."

"சாவிய எங்க வெக்கிறது?"

வெளியே ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. நிலா வந்ததும், "டேய், அது எங்க வீட்டுக் கூடை மாதிரியே இருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். ஓநாய் ஓடியபோது பின்புறத் தையல் பிளந்து உள்கால்சட்டை தெரிந்தது, பிள்ளைகள் விசிலடித்தார்கள். கடைசிப் பாதியில்தான் அந்தக் காட்சி வந்தது. மின்னல் வெட்டியது. தலை இடப்பக்கம் திரும்பியது. மண்டபத்தில் ஒரு நாற்காலியும் கிரீச்சிடவில்லை. ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. விளக்கு விழுந்து திரை இருண்டபோது, முதல் கைதட்டு தலைமை ஆசிரியையிடமிருந்து வந்தது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். சுவரோரம் நின்ற சலூன்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து ஓநாய் மேடையேறியது. முகமூடி தலைக்குப் பின்னால் தொங்க, ஓட்டுநரின் முகம் வியர்த்துச் சிரித்தது. தலைமை ஆசிரியை ஒலிவாங்கியை வாங்கினார்.

"இத்தனை வருசமா இவரு நம்ம வண்டியத்தான் ஓட்டுறாருன்னு நெனச்சிட்டிருந்தோம். உள்ளுக்குள்ள இப்படி ஒரு நடிகர் உக்காந்திருந்திருக்காரு! பிள்ளைங்களா, அந்த மாறுற சீன ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லலாமா?"

மண்டபம் "சொல்லலாம்" என்றது. "அங்கிள், அங்கிள்" என்று வேன் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறினார்கள்.

ஓட்டுநர் திரையோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு செய்தார். கைகளை நீட்டினார், தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆட்டினார், நாக்கை நீட்டி உறுமினார். குளிரில் நடுங்கும் ஆளைப்போல இருந்தது. ஊர் மறுபடி சிரித்தது. "படத்துல வேற ஆளப் போட்டுட்டாங்கடா" என்றது ஒரு குரல்.

முதல் வரிசை பெஞ்சின்மேல் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"அப்பா, அப்படி இல்லப்பா!" என்று கத்தினாள். "மொதல்ல இந்தப் பக்கம் திரும்பணும். கட்டவெரல் உள்ள போவணும். இப்படி. அப்புறம்தான் ஆடணும். அன்னிக்கு கேட்டுக்கிட்ட வேன்ல இப்படித்தானப்பா வந்துச்சு?"

அவள் செய்துகாட்டினாள். துல்லியமாக இருந்தது.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. "வீட்டுலயே ரிகர்சல் போல!" என்றார் தலைமை ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்த மண்டபத்தில் அதை விளையாட்டாகக் கேட்காதவர்கள் மூவர். சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர் மனைவியைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவில், வேண்டாம் என்று தலையசைத்தார். தையற்காரி மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் இன்னும் மடங்கியே இருந்தது.

கூட்டம் கலைந்தது. தம்பியின் தோளை ஆளாளுக்குத் தட்டினார்கள். நாற்காலிகளை அடுக்கும் ஓசைக்கு நடுவே தையற்காரி மகளிடம் போனாள்.

"எப்படி குட்டி? எப்ப?"

"பரீட்சைக்கு முன்னாடிம்மா. கேட்டுக்கு வெளிய. எல்லாரும் எறங்கிட்டாங்க, நான் மட்டும் இருந்தேன். அப்பாதான் உங்கிட்ட சொல்லாதன்னாரு. வெளாட்டுன்னாரு." மகள் தயங்கினாள். "தப்பாம்மா?"

"இல்ல. நீ தப்பே செய்யல."

எல்லோரும் இறங்கியபின். அவர்கள் இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அந்த வேன் லாரிகள் போகும் பெரிய சாலையில் வந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தையும் அவள் தைத்து மூட முயன்றாள், ஊசி ஏறவில்லை.

தலைமை ஆசிரியை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஓநாய் பெண்டாட்டி!" என்றார். "சீருடைத் துணி புதன்கிழமை வந்துரும்."

"மேடம், ஒரு நிமிசம் உள்ள வாங்க."

"என்ன விசயம்?"

"உள்ள வந்து சொல்றேன்."

சிறு அறையில் ஓட்டுநர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் எழ முயன்று, எழாமல் விட்டார்.

"அந்த சீன் நடிப்பு இல்ல மேடம்" என்றாள் தையற்காரி. "வலிப்பு. நெசமாவே வந்துச்சு. மாத்திர சாப்பிடுறாரு. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான்தான் மறச்சேன். ரெண்டு பேரும்தான்."

தலைமை ஆசிரியையின் முகத்தில் மீதமிருந்த சிரிப்பு போக இடமின்றிச் சற்று நேரம் நின்றது. அவர் கதவைச் சாத்தினார்.

"எத்தன தடவ?"

"நாலு" என்றாள் அவள். பிறகு, "அஞ்சு. வேன்ல ஒண்ணு."

"வேன்லயா?"

வெளியே பிள்ளைகள் ஓநாய்போல ஊளையிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"பாவி" என்றார் ஓட்டுநர், மனைவியைப் பார்க்காமல். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு ராத்திரி எங்க படுப்ப? அதச் சொல்லு."

"தெரியல."

"தெரியாமயே சொல்லிட்ட."

"ஆமா."

அவர் கம்பளிக் கைகள் இரண்டையும் மடிமேல் வைத்துப் பார்த்தார். நகங்களுக்குப் பதில் தைத்திருந்த கறுப்புப் பொத்தான்களில் ஒன்று தொங்கியது.

"ஆறு" என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"அஞ்சு இல்ல மேடம். ஆறு. மேட்டுத் திருப்பத்துல. பிள்ளைங்க உள்ள இருந்தாங்க. கை மரத்து வந்துச்சு, ஓரங்கட்டிட்டேன். அப்புறம் நெனவில்ல. கண்ணு முழிச்சப்ப எல்லாரும் பின்னாடி பாடிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் பாக்கல. குட்டிக்கு அன்னிக்குக் காய்ச்சல், வரல." அவர் மூச்சு வாங்கினார். "இவளுக்குத் தெரியாது. சத்தியமா இவளுக்குத் தெரியாது."

தலைமை ஆசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பிள்ளையும் அந்த வேனில்தான் வருகிறான். பிறகு கையை நீட்டி, "சாவி எங்க?" என்றார்.

"உள்ள இருக்கு. சட்டப் பையில."

தையற்காரி ரவிக்கையில் செருகியிருந்த பிளேடை எடுத்துக் கணவரின் பின்னால் போனாள். பிடரியிலிருந்து முதல் தையலை அறுத்தாள். இறுக்காதே என்று அவர் சொல்லியும் இறுக்கித்தான் தைத்திருந்தாள். பிரிப்பது எளிதாக இல்லை. அவர் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். இரண்டாவது, மூன்றாவது. கம்பளிக்குள்ளிருந்து சூடும் ஈரமும் எழுந்தன.

"பாத்து" என்றார் அவர். "சட்டையில பட்டுரப் போவுது. இருக்கிறதுல நல்ல சட்டை."

"படாது" என்றாள் அவள். "அசையாம இருங்க."

அவர் அசையாமல் இருந்தார்.